டம்பில் என்ன தேடுவது? மெய்நிகர் கணினியில் மால்வேரை ஆராயப் பழகுவோருக்கு

தை, மாசி மாதங்களில் நெல் கொள்முதல் நிலையங்கள் திறந்திருக்கும் நேரத்தில், கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி வரை எந்த ஜெராக்ஸ் கடையைப் பார்த்தாலும் கூட்டம்தான். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம் என்று ஆளுக்கொரு கட்டு நகல் வேண்டும். ஒரே பென் டிரைவ் ஒரே நாளில் பல கணினிகளில் ஏறி இறங்கும். மாலையில் திறந்தால் உள்ளே இருந்த கோப்புறைகள் எல்லாம் ஷார்ட்கட்டுகளாக மாறியிருக்கும். கடைக்காரர் அதை ஃபார்மட் செய்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். அவருக்கு அது போதும். அந்த வைரஸ் கணினிக்குள் என்னதான் செய்தது என்று தெரிந்துகொள்ள விரும்பும் மாணவருக்கும், கணினி பழுதுபார்க்கும் கடையில் வேலை கற்பவருக்கும் இந்தக் கட்டுரை.

டிஸ்கில் கிடக்கும் மால்வேர் (வைரஸ் போன்ற கேடு செய்யும் நிரல்) கோப்பைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் புரியாது. சுருக்கியும் மறையாக்கம் செய்தும் வைத்திருப்பார்கள். ஆனால் ஓட வேண்டுமானால் அது தன்னை விரித்துக்கொண்டே தீர வேண்டும், விரியும் இடம் ரேம் என்ற நினைவகம். அந்த நினைவகத்தை அப்படியே நகலெடுத்த கோப்புதான் டம்ப். 2003 ஜனவரியில் உலகெங்கும் இணையத்தைத் திணறடித்த ஸ்லாம்மர் புழு வெறும் 376 பைட் அளவுதான். அது டிஸ்கில் எதையும் எழுதவில்லை, நினைவகத்திலேயே வாழ்ந்து, நினைவகத்திலிருந்தே பரவியது. கோப்பைத் தேடியவர்களுக்கு அது கிடைத்திருக்காது. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை தாக்கியபோது, விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளின் நினைவகத்தில் சாவியை உருவாக்கப் பயன்பட்ட பகா எண்கள் அழியாமல் தங்கியிருப்பதை ஏட்ரியன் கினே என்ற பிரெஞ்சு ஆய்வாளர் கண்டுபிடித்தார். கணினியை அணைக்காமலும் மறுதொடக்கம் செய்யாமலும் இருந்தவர்களில் சிலருக்குப் பணம் கொடுக்காமலே கோப்புகள் திரும்பக் கிடைத்தன. வைரஸ் என்றவுடன் பவர் பொத்தானை அழுத்தும் நம் பழக்கத்தால் இப்படிப்பட்ட தடயங்கள்தான் முதலில் அழிகின்றன.

வழிமுறைக்குள் போகும் முன் ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். புதிதாக வருபவர்கள் முதல் நாளே நிஜ மால்வேரை ஓட்டிப் பார்க்கத் துடிக்கிறார்கள். ஆனால் நீங்கள் எடுக்கும் முதல் டம்ப், எந்த நோயும் இல்லாத கணினியின் டம்பாக இருக்க வேண்டும். அதை அலுக்கும்வரை படித்த பிறகுதான் அடுத்தது. கீழே வரும் எல்லாம் இதை நம்பித்தான் நிற்கின்றன.

ஆய்வுக் கணினியை அமைத்தல்

8 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினியில் தொடங்கலாம், 16 ஜிபி இருந்தால் நிம்மதி. ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை, அதாவது மெய்நிகர் கணினியை, ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் புரோவும் 2024 நவம்பர் முதல் எல்லோருக்கும் இலவசமாகிவிட்டது. இரண்டில் எது வேண்டுமானாலும் சரி. அடியில் இருக்கும் உண்மையான கணினியில் லினக்ஸ் இருப்பது நல்லது. ஆராயப்போவது விண்டோஸ் மால்வேர் என்பதால், கை தவறி அதை வெளியே சொடுக்கினாலும் லினக்ஸில் அது ஓடாது. விண்டோஸ் மடிக்கணினிதான் இருக்கிறது என்றால், விர்ச்சுவல்பாக்ஸ் சாளரத்தின் கீழ் வரிசையில் பச்சை ஆமைப் படம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் விண்டோஸின் சொந்த மெய்நிகராக்க வசதியான ஹைப்பர்-வி பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது, எல்லாம் அந்த ஆமையின் வேகத்தில்தான் நடக்கும்.

உள்ளே நிறுவ மைக்ரோசாஃப்ட் தரும் 90 நாள் மதிப்பீட்டு விண்டோஸ் போதும், திருட்டுப் பதிப்பு வேண்டாம். ஆக்டிவேட் செய்யும் கள்ளக் கருவியே ஒரு மால்வேராக இருந்துவிட்டால், நீங்கள் எதை ஆராய்கிறீர்கள் என்பதே குழம்பிவிடும்.

மெய்நிகர் கணினிக்கு 4 ஜிபி ரேம், இரண்டு புராசஸர், 80 ஜிபிக்குக் குறையாத டிஸ்க் கொடுங்கள். டிஸ்க் தேவைக்கேற்ப வளரும் வகையில் அமைத்தால் அவ்வளவு இடத்தையும் உடனே விழுங்காது. 1 ஜிபி ரேமும் 20 ஜிபி டிஸ்கும் உள்ள கணினியைக் கண்டால், 'இது ஆய்வுக்கூடம்' என்று புரிந்துகொண்டு சும்மா இருந்துவிடும் மால்வேர்கள் பல. நெட்வொர்க் அட்டையின் முகவரியையும் அவை பார்க்கும். 08:00:27 என்று தொடங்கினால் விர்ச்சுவல்பாக்ஸ் என்பது அவற்றுக்குத் தெரியும், அதையும் மாற்றிவையுங்கள். விர்ச்சுவல்பாக்ஸின் துணை மென்பொருளான கெஸ்ட் அடிஷன்ஸ் நிறுவாதீர்கள், அதன் டிரைவர் பெயர்களே காட்டிக்கொடுத்துவிடும். மனிதர் புழங்கிய கணினி போலத் தெரிய ஒரு பிரவுசர், லிப்ரே ஆஃபிஸ், நான்கைந்து ஆவணங்கள், சில படங்கள் போட்டுவையுங்கள். இத்தனை செய்தும் கண்டுபிடிக்கும் மால்வேர்கள் உண்டு. தொடக்கத்தில் அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

அடுத்து, கதவுகளை மூடுவது. பகிர்ந்த கோப்புறை, கிளிப்போர்டு பகிர்வு, இழுத்துப் போடும் வசதி, ஒலி, ஃபிளாப்பி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஃபிளாப்பியை யார் இன்று பயன்படுத்துகிறார்கள் என்று சிரிக்க வேண்டாம். 2015இல் வெளிவந்த வெனம் என்ற ஓட்டை, மெய்நிகர் கணினிகளின் ஃபிளாப்பி கட்டுப்பாட்டுப் பகுதியில்தான் இருந்தது. உள்ளே இருப்பது வெளியே தாவ அது வழிவிட்டது. ஆகவே மெய்நிகராக்க மென்பொருளையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும்.

நெட்வொர்க்கில்தான் பலரும் அசட்டையாக இருக்கிறார்கள். விர்ச்சுவல்பாக்ஸில் 'இன்டர்னல்' வகையைத் தேர்ந்தெடுங்கள். 'ஹோஸ்ட்-ஒன்லி' வகையில் உங்கள் உண்மையான கணினிக்கு ஒரு பாதை மிச்சமிருக்கும். வெளி நெட்வொர்க்கோடு இணைத்துவிடும் நேட், பிரிட்ஜ் இரண்டும் கூடவே கூடாது. வீட்டு வைஃபையிலோ கடையின் இணைப்பிலோ மால்வேரை விட்டால், அது முதலில் கதவைத் தட்டுவது பக்கத்து மேசைக் கணினியை. அதில் அரிசி ஆலையின் வரவுசெலவுக் கணக்கு இருக்கலாம், யாருடைய கல்விக்கடன் விண்ணப்பமோ இருக்கலாம். மால்வேர் இணையத்தை எதிர்பார்த்தால், ரெம்நக்ஸ் என்ற லினக்ஸ் தொகுப்பை இரண்டாவது மெய்நிகர் கணினியாக அதே இன்டர்னல் நெட்வொர்க்கில் வைத்து, அதிலுள்ள ஐநெட்சிம் மூலம் போலி இணையம் காட்டலாம். 8 ஜிபி கணினியில் இது நெருக்கடியாகும். தொடக்கத்தில் நெட்வொர்க்கே இல்லாமல் பழகுங்கள்.

விண்டோஸுக்குள் செய்ய வேண்டியவை இன்னும் மூன்று. விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரை நிறுத்த வேண்டும், அதற்கு முன் அதன் டாம்பர் பாதுகாப்பை நிறுத்தாவிட்டால் அது திரும்பத் தலைதூக்கும். பேஜ் ஃபைலை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் நினைவகத்தின் ஒரு பகுதி டிஸ்கில் உட்கார்ந்துகொண்டு டம்பில் ஓட்டை விழும். நினைவகச் சுருக்க வசதியையும் பவர்ஷெல் வழியாக நிறுத்திவிடுங்கள். விண்டோஸ் 10 முதல் அதிகம் தொடாத பக்கங்களைச் சுருக்கி வைக்கும் வழக்கம் வந்துவிட்டது. சுருங்கிய பக்கத்தில் நீங்கள் தேடும் சொல் இருந்தாலும் கண்ணில் படாது.

இப்போது ஒரு ஸ்னாப்ஷாட் (கணினியின் இப்போதைய நிலையின் பதிவு) எடுத்து 'சுத்தம்' என்று பெயரிடுங்கள். ஒவ்வொரு முறையும் இங்கேதான் திரும்பி வரப்போகிறீர்கள்.

டம்ப் எடுத்தல்

நிஜக் கணினியில் நினைவகத்தை நகலெடுக்க ஒரு கருவியை அதே கணினியில் ஓட்ட வேண்டும். நகலெடுக்கும் நிமிடங்களில் நினைவகம் மாறிக்கொண்டே இருக்கும், மால்வேரும் அந்தக் கருவியைப் பார்த்துவிடும். மெய்நிகர் கணினியில் அந்தத் தொல்லை இல்லை. வெளியிலிருந்து நிறுத்துகிறோம், உள்ளே இருப்பதற்கு ஒன்றும் தெரியாது.

விர்ச்சுவல்பாக்ஸில் கணினியை பாஸ் (இடைநிறுத்தம்) செய்துவிட்டு, விபாக்ஸ்மேனேஜ் கட்டளையில் 'டீபக்விஎம்' பிரிவின் 'டம்ப்விஎம்கோர்' என்பதைப் பயன்படுத்த வேண்டும். விஎம்வேரில் இன்னும் எளிது. சஸ்பெண்ட் செய்தாலோ ஸ்னாப்ஷாட் எடுத்தாலோ, விஎம்இஎம் என்று முடியும் கோப்பு கணினியின் கோப்புறையிலேயே உருவாகும். அதனுடன் விஎம்எஸ்எஸ் அல்லது விஎம்எஸ்என் என்று முடியும் துணைக் கோப்பும் வரும். இரண்டையும் ஒரே பெயரில் ஒரே இடத்தில் வைத்திருங்கள். துணைக் கோப்பு இல்லாமல் விஎம்இஎம் கோப்பை மட்டும் நகர்த்தினால் ஆய்வுக் கருவி தடுமாறும்.

4 ஜிபி ரேம் என்றால் டம்பும் ஏறத்தாழ 4 ஜிபி வரும், விர்ச்சுவல்பாக்ஸ் டம்ப் சற்றுக் கூடவே இருக்கும். எடுத்து முடித்தவுடன் எஸ்எச்ஏ-256 ஹாஷ் எண்ணை (கோப்பின் கைரேகை போன்றது) கணக்கிட்டு நோட்டில் எழுதுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் நம் பக்கம் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் பாதி எழுதிய டம்ப் எதற்கும் உதவாது, அளவைப் பார்த்தாலே அது தெரியும்.

வாலடிலிட்டி

டம்பைப் படிக்க வாலடிலிட்டி என்ற கருவியே வழக்கில் உள்ளது. 2007இல் வெளிவந்த இலவசத் திறமூலக் கருவி இது. பழைய வழிகாட்டிகளில் காணும் கட்டளைகள் பெரும்பாலும் இரண்டாம் பதிப்புக்கானவை. அது பைத்தான் 2இல் ஓடுவது, அந்த மொழிப் பதிப்புக்கே 2020இல் ஆதரவு முடிந்துவிட்டது. நீங்கள் மூன்றாம் பதிப்பை நிறுவுங்கள். அதில் 'புரொஃபைல்' தேர்ந்தெடுக்கும் வேலை கிடையாது. விண்டோஸின் எந்தப் பதிப்பு என்று அதுவே கண்டுபிடித்து, தேவையான குறியீட்டு அட்டவணையை மைக்ரோசாஃப்ட் வழங்கியிலிருந்து இறக்கிக்கொள்ளும். ஆகவே ஆய்வு செய்யும் வெளிக் கணினியில் முதல் முறை இணையம் இருக்க வேண்டும். மால்வேர் இருக்கும் கணினிக்கு அல்ல!

முதலில் 'விண்டோஸ்.இன்ஃபோ' கட்டளையைக் கொடுங்கள். விண்டோஸின் மையமான கெர்னலின் பதிப்பும் டம்ப் எடுத்த நேரமும் வந்தால் டம்ப் நலமாக இருக்கிறது. நேரம் யுடிசி கணக்கில் வரும், ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

சுத்தமான டம்பைப் படித்தல்

'பிஎஸ்ட்ரீ' கட்டளை புரோசஸ்களை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களை, குடும்ப மரமாகக் காட்டும். உச்சியில் 4 என்ற எண்ணுடன் சிஸ்டம். வின்இனிட்டிலிருந்து சர்வீசஸ், எல்சாஸ் இரண்டும் பிறக்கும். சர்வீசஸிலிருந்து பல எஸ்விசிஹோஸ்ட்கள் பிறக்கும். எக்ஸ்புளோரருக்குப் பெற்றோரே தெரியாது, ஏனென்றால் அதைத் தொடங்கிய யூசர்இனிட் தன் வேலை முடிந்து போய்விட்டது. இது இயல்பு. ரெஜிஸ்ட்ரி என்றும், சுருக்க வசதி நிறுத்தப்படாவிட்டால் மெம்கம்ப்ரஷன் என்றும் புரோசஸ்கள் தென்படும். இவையும் இயல்பே. இந்த மரத்தைத் தாளில் வரைந்து சுவரில் ஒட்டுங்கள்.

நடவு வயலில் நெல்லோடு நெல்லாக நிற்கும் களைப்புல் ஒன்று உண்டு, இளம் பருவத்தில் பார்த்தால் நெல் போலவேதான் இருக்கும். களையெடுக்கும் பெண்கள் இலை தண்டோடு சேரும் இடத்தைப் பார்ப்பார்கள். நெல்லில் அங்கே சவ்வு போன்ற சிறு நாக்கு இருக்கும், அந்தப் புல்லில் இருக்காது. களையின் படத்தை மனப்பாடம் செய்து அவர்கள் இதைக் கற்கவில்லை, நெல்லை அவ்வளவு நன்றாகத் தெரியும். மால்வேர் தனக்கு எஸ்விசிஹோஸ்ட் என்று பெயர் வைத்துக்கொண்டாலும் இதே கதைதான். பெற்றோர் சர்வீசஸ்தானா, சிஸ்டம்32 கோப்புறையிலிருந்து ஓடுகிறதா, 'சிஎம்டிலைன்' கட்டளை காட்டும் வரியில் 'கே' என்ற குறியுடன் சேவைக் குழுவின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று இல்லையென்றாலும் பிடித்து இழுங்கள்.

சுத்தமான கணினியில் செய்து பார்க்க இன்னொரு பயிற்சி. நோட்பேடில் 'காவிரி' என்று யுனிகோடில் தட்டச்சு செய்து, சேமிக்காமலே டம்ப் எடுங்கள். பிறகு அந்தச் சொல்லைத் தேடுங்கள். லினக்ஸின் 'ஸ்டிரிங்ஸ்' கட்டளையில் கிடைக்காது. அது ஆங்கில எழுத்துகளை மட்டுமே எழுத்தாக மதிக்கும், 16-பிட் விருப்பத்தைக் கொடுத்தாலும் அப்படித்தான். விண்டோஸ் நினைவகத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் இரண்டு பைட்டாக உட்கார்ந்திருக்கும், இரண்டாவது பைட் எப்போதும் ஹெக்ஸ் முறையில் 0பி. 'க' என்பது 95, 0பி. காவிரிக்கு ஆறு குறியீடுகள், 12 பைட்டுகள். அந்த பைட் வரிசையை ஹெக்ஸ் எடிட்டரில் கொடுத்துத் தேடினால் சேமிக்காத சொல் அங்கே நிற்பதைப் பார்க்கலாம். நம் ஊர் டிடிபி கடைகளில் இன்னும் புழங்கும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது என்றால் கதை வேறு. அது ஆங்கில எழுத்துகளின் குழப்பமாக 'ஸ்டிரிங்ஸ்' வெளியீட்டிலேயே வரும் (நோட்பேடில் தட்டியது என்றால் 16-பிட் விருப்பத்தோடு), பழகிய கண் உடனே தமிழாகப் படிக்கும். ஆங்கில வழிகாட்டிகள் இதைச் சொல்லித்தராது. நம் பகுதிக் கணினிகளை ஆராய்பவருக்கு இது தெரியாமல் முடியாது.

இனி மாதிரி

ஆய்வாளர்கள் மாதிரிகளைப் பரிமாறும் மால்வேர்பசார் போன்ற இடங்களில் 'இன்ஃபெக்டெட்' என்ற கடவுச்சொல் போட்ட ஜிப் கோப்பாகக் கிடைக்கும். ஐஎஸ்ஓ படமாக்கி மெய்நிகர் சிடி வழியாக உள்ளே கொண்டுபோய், அங்கே போன பிறகே திறங்கள். கடைக்கு வந்த பென் டிரைவிலிருந்து எடுத்த மாதிரி என்றால், வாடிக்கையாளரின் மற்றக் கோப்புகளை நகலெடுக்காதீர்கள். பொதுத் தளத்தில் சரிபார்க்க வேண்டுமானால் ஹாஷ் எண்ணை மட்டும் தேடுங்கள். கோப்பைப் பதிவேற்றினால் அது மற்றவர் கைக்கும் போகும்.

ஓட்டியபின் எப்போது டம்ப் எடுப்பது? ஒன்று போதாது. ஓட்டிய அரை நிமிடத்தில் ஒன்று, சில நிமிடங்கள் கழித்து மவுசை நகர்த்தி இரண்டு ஆவணங்களைத் திறந்த பின் ஒன்று, மறுதொடக்கம் செய்து உள்நுழைந்த பின் ஒன்று. முதலாவது, மற்றவற்றைப் பெற்றுவிட்டு உடனே மறையும் தொடக்க நிரலைப் பிடிக்கும். மூன்றாவது, எது வேரூன்றியது என்று காட்டும். நடுவில் உள்ளது, காத்திருந்து விழிப்பவைக்காக.

ஷார்ட்கட் வைரஸையே எடுத்துக்கொள்வோம். அது உண்மையான கோப்புறையை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஒரு ஷார்ட்கட்டை வைக்கிறது. சொடுக்கினால் கோப்புறையும் திறக்கும், கூடவே மறைந்திருக்கும் நிரலும் ஓடும். அதனால்தான் கடைக்காரருக்குச் சந்தேகம் வருவதில்லை. டம்பில் 'சிஎம்டிலைன்' கட்டளையை ஓட்டிப் பாருங்கள். எக்ஸ்புளோரரின் பிள்ளையாக டபிள்யூஸ்கிரிப்ட், ரன்டிஎல்எல்32, பவர்ஷெல் ஆகியவற்றில் ஒன்று நின்று, அதன் வரியில் தற்காலிகக் கோப்புறையிலோ பென் டிரைவிலோ உள்ள ஒரு விசித்திரப் பெயர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அடுத்து 'பிரின்ட்கீ' கட்டளையால், விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியின் 'ரன்' சாவியைப் பாருங்கள். பயனர் ஒவ்வொரு முறை உள்நுழையும்போதும் ஓட வேண்டியவற்றின் பட்டியல் அங்கே இருக்கும்.

மறைந்து நிற்பவற்றைத் தேட 'பிஎஸ்லிஸ்ட்', 'பிஎஸ்ஸ்கேன்' இரண்டையும் ஓட்டி ஒப்பிடுங்கள். முதலாவது, கெர்னல் வைத்திருக்கும் சங்கிலிப் பட்டியலைப் பின்தொடர்கிறது. இரண்டாவது, நினைவகம் முழுவதையும் துழாவுகிறது. சங்கிலியிலிருந்து தன்னைக் கழற்றிக்கொண்ட புரோசஸ் இரண்டாவதில் மட்டும் தெரியும். உடனே துள்ளிக் குதிக்க வேண்டாம், முடிந்துபோன புரோசஸ்களும் அப்படியே தெரியும். முடிந்த நேரம் என்ற நெடுவரிசை காலியாக இருந்தும் பட்டியலில் இல்லாததுதான் சந்தேகத்துக்குரியது.

'மால்ஃபைண்ட்' இந்த வேலையின் நட்சத்திரக் கட்டளை, தவறாகப் படிக்கப்படுவதும் இதுவே. இன்னொரு புரோசஸுக்குள் நுழைத்த நிரலைத் தேடுகிறது அது. எழுதவும் ஓட்டவும் ஒருசேர அனுமதி உள்ள, எந்தக் கோப்போடும் தொடர்பில்லாத நினைவகப் பகுதிகளைக் காட்டும். புதிய பதிப்புகளில் இது 'மால்வேர்' என்ற உட்பிரிவின் கீழ் இருக்கும். தொடக்க பைட்டுகள் 4டி, 5ஏ என்று இருந்தால் முழு இயங்கு கோப்பே அங்கே அமர்ந்திருக்கிறது என்று பொருள். ஆனால் டாட்நெட் நிரல்களும் வைரஸ் தடுப்பு மென்பொருளும்கூட இதே போன்ற பகுதிகளை நியாயமாகவே உருவாக்கும். உங்கள் சுத்தமான டம்பிலும் மால்ஃபைண்ட் சில வரிகள் தரும். அந்த வரிகளை இப்போது வந்தவற்றிலிருந்து கழித்துவிட்டு, மிச்சத்தைப் பாருங்கள். மறுபக்கமும் உண்டு: தலைப்பு பைட்டுகளை அழித்துவிடும் மால்வேர்கள் இருப்பதால், 4டி 5ஏ இல்லை என்பது நற்சான்றிதழ் ஆகாது. சந்தேகப் பகுதியைத் தனிக் கோப்பாக வெளியே எடுத்து, அதில் இணைய முகவரிகளையும் கோப்புப் பாதைகளையும் தேடுங்கள். சுருக்கி வந்த நிரல் இங்கே விரிந்தே கிடைக்கும்.

ஐநெட்சிம் வைத்திருந்தால் 'நெட்ஸ்கேன்' எந்த புரோசஸ் யாரோடு பேச முயன்றது என்று காட்டும். நோட்பேட் எதற்கு, பாதுகாப்பான வலைத்தளங்களுக்கான 443ஆம் போர்ட்டில் பேச வேண்டும்?

கண்டவற்றை நேரம், டம்பின் ஹாஷ், கட்டளை, வெளியீடு, உங்கள் ஊகம் என்று எழுதுங்கள். ஊகத்தைத் தனி நிறத்தில் எழுதுவது நல்ல பழக்கம், பிறகு படிக்கும்போது எது கண்டது, எது நினைத்தது என்று பிரியும்.

உண்மையான சம்பவம் வந்தால்

பயிற்சி வேறு, ஒருவருடைய பணமோ ஆவணமோ போன சம்பவம் வேறு. அப்போது சுத்தம் செய்யத் தொடங்காதீர்கள். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், கணினியை அணைக்காதீர்கள். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் சைபர் சம்பவத்தை ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன் என்ற மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28 ஆணை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுச் சான்றுக்கான சான்றிதழில் ஹாஷ் மதிப்பும் கேட்கப்படுகிறது. நோட்டில் ஹாஷ் எழுதும் பழக்கம் இங்கே கைகொடுக்கும். மாதிரியை விளையாட்டுக்காகக்கூட நண்பரின் கணினியில் ஓட்டிப் பார்க்காதீர்கள். மோசடி நோக்கத்தோடோ நேர்மையின்றியோ இப்படிச் செய்வது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் குற்றம், மூன்று ஆண்டு சிறைவரை போகலாம்.

ஆய்வு முடிந்ததும் 'சுத்தம்' ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்புங்கள். தேவையில்லாத டம்புகளை அழித்துவிடுங்கள், அவற்றில் அந்தக் கணினியில் தட்டிய கடவுச்சொற்களும் இருக்கும். வைத்திருக்க வேண்டியவற்றை மறையாக்கம் செய்த வெளி டிஸ்கில் வைத்து, மேலே 'மால்வேர் உள்ளது, திறக்காதே' என்று சீட்டு ஒட்டுங்கள். வீட்டில் தம்பி தங்கை இருந்தால் அலமாரிக்குப் பூட்டும் வேண்டும்.